மூணு தரம்

போன வாரக் கதையில் ஒரு அக்காவையும் அவள் தம்பியையும் டாக்டர் அறையில் உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டோம். டாக்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "தம்பி தொண்டையில கெட்ட கட்டி. குரல்வளையோட சேர்த்துதான் எடுக்கணும். உயிர் இருக்கும், குரல் இருக்காது" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலையும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

இன்று செவ்வாய்.

தம்பியின் நிஜப் பெயர் கேட்டால் காய்கறிச் சந்தையில் பாதிப் பேர் விழிப்பார்கள். வெண்கலம் என்றால் சட்டென்று கையைக் காட்டுவார்கள். விடியற்காலையில் லாரியிலிருந்து இறங்கும் சரக்கை ஏலம் கூறுகிறவன் அவன். மைக் பிடிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற ஜாதி. அவன் 'ஒரு தரம்' என்றால் அந்தக் கோடியில் முட்டைக்கோஸ் அடுக்குகிற ஆள்கூடத் திரும்பிப் பார்ப்பான். 'மூணு தரம்' என்று உள்ளங்கையில் ஓங்கி அடித்தானோ, சரக்கு கைமாறிவிட்டது. அப்புறம் யார் வந்து அழுதாலும் நடக்காது. ஏலக்காரனே தப்பாகச் சொல்லியிருந்தாலும் சொன்னது சொன்னதுதான். ஒரு தடவை நாக்கு முந்திக்கொண்டு ஒரு லாரி பூசணியை அடிமாட்டு விலைக்கு விட்டுவிட்டான் வெண்கலம். அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. ஆனால் வார்த்தையை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

அப்படிப்பட்டவன், டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பஸ்ஸில், கரகரத்த குரலில் அக்காவிடம் ஒரு நிபந்தனை போட்டான்.

"செவ்வாய்க்கிழமை பந்தயத்துல நம்ம பொண்ணு பட்டாசு ஓடட்டும்க்கா. முதல் ரெண்டு இடத்துல வந்துட்டா விளையாட்டு விடுதியில சேத்துக்குவாங்க. படிப்பு, சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு. அப்புறம் நான் ஊமையானா என்ன? தாராளமா கத்தி வைக்கட்டும்."

"வரலைன்னா?"

"ஏலம் கூறித்தானே ஆகணும்? அவளுக்கு வேற யாரு இருக்கா?"

"ஏன், நான் செத்துட்டேனா?"

"உன் இங்கிலீஷ் வகுப்புல பாதி பெஞ்சு காலியா கெடக்கறது எனக்குத் தெரியாதாக்கா?"

அதற்கு மேல் அவளால் வாதாட முடியவில்லை. பெண் எப்படியும் ஜெயித்துவிடுவாள் என்கிற நினைப்பில் 'சரிடா' என்று தலையாட்டிவிட்டாள். படித்தவள், பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், ஒரு மனுஷன் உயிரைக் கொண்டுபோய் ஒரு பந்தயத்தில் கட்டலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாளா? அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பட்டாசு, வெண்கலத்தின் ஒரே மகள். பிறந்த வருஷமே தாயைப் பறிகொடுத்து, அத்தை கையில் வளர்ந்தவள். வாய் திறந்தால் நிறுத்த மாட்டாள், ஓட ஆரம்பித்தால் அதுவும் அப்படித்தான். அவளிடம் 'அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். பந்தயம் முடிகிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று ஏற்பாடு.

அத்தையைத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். சைக்கிள் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறியதும் ஒரே அறை. அங்கேதான் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறாள். காலை வகுப்பில் வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். இன்றைக்கு வந்திருந்தவர்கள், வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட்டிருக்கிற நர்ஸ் ஒருத்தி, சந்தைக்குச் சரக்கு கொண்டுவருகிற லாரி டிரைவர், இன்னும் சிலர்.

டீச்சர் பலகையில் 'சியர் ஆன்' என்று எழுதிவிட்டுத் திரும்பினாள். வேறு எதையாவது எழுதியிருக்கலாம். பாடம் வரிசைப்படி இன்றைக்கு இதுதான் வந்து தொலைத்தது.

"உற்சாகப்படுத்தறதுங்களா டீச்சர்?" என்றாள் நர்ஸ்.

"அதுதான். ஆனா சும்மா ஆறுதல் சொல்றது இல்ல. ஒருத்தர் ஒரு காரியத்துல இறங்கிட்டாங்க, பாதியில இருக்காங்க, மூச்சு வாங்குது. அப்ப நாம ஓரமா நின்னு, 'விடாத, இன்னும் கொஞ்சந்தான்'னு கத்தறோம் பாருங்க, அது. ஆள நடுவுல வச்சுச் சொல்லணும். சியர் ஹர் ஆன். எங்க, சொல்லுங்க."

சொன்னார்கள். ஒரு ராகமாக வந்தது.

லாரி டிரைவர் கையைத் தூக்கினார். "டீச்சர், நம்ம சந்தை ஏலத்துல ஒருத்தன் தயங்கிட்டு நிப்பான். பக்கத்துல நிக்கிறவன் 'ஏறு மாப்ள, ஏறு, விட்டுடாத'ம்பான். அவனும் ரோஷத்துல கையைத் தூக்கிடுவான். கடைசியில தலையில துண்டு. அதுவும் இதுதானா?"

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தாள்.

"அது உசுப்பேத்தறது. அதுக்கு வேற சொல்லு இருக்கு, எக் ஆன். ரெண்டுலயும் கத்தறவங்க சத்தம் ஒண்ணுதான். ஆனா சியர் ஆன்ல ஓட்டம் ஓடறவங்களோடது. எப்ப வேகமா போகணும், எப்ப அடக்கி ஓடணும்ங்கறது அவங்க கணக்கு. எக் ஆன்ல நம்ம ஆசையையோ பயத்தையோ அவங்க கால்ல கட்டி விட்டுடறோம்."

"கத்தும்போது எதுன்னு எப்படித் தெரியும் டீச்சர்?" என்றாள் நர்ஸ்.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "முடிஞ்ச பிறகுதான் தெரியும்னு நினைக்கிறேன்" என்றாள். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது அவளுக்கு. மத்தியான வகுப்பு இல்லை என்று சொல்லிக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் பட்டாசு கூடத்தின் நடுவே உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். வெண்கலம் சுவரோரம் ஆறிப்போன பாலை மிடறு மிடறாக விழுங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை மூடினான். டாக்டரிடம் போய்வந்ததிலிருந்து அவன் சந்தைக்கும் போகவில்லை, வாயும் திறக்கவில்லை. மிச்சம் பிடிக்கிறானாம். மூன்றே மூன்று கூவல் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று நெஞ்சைத் தட்டிக் காட்டியிருந்தான் அக்காவிடம்.

"அப்பா மௌன விரதம் இன்னிக்கு முடியுதுல்ல?" என்றாள் பட்டாசு. "அத்தை, வீடு இவ்வளவு அமைதியா இருந்து பாத்ததே இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க விசாரிக்க வந்தாங்க, எல்லாரும் ஊருக்குப் போயிட்டீங்களான்னு."

வெண்கலம் சிரித்தான். சத்தம் வரவில்லை, தோள்தான் குலுங்கியது.

"அப்பா, ஞாபகம் இருக்குல்ல? கடைசிச் சுத்துக்கு மணி அடிச்சதும் ஒரு தரம். எதிர்ப்பக்கம் போறப்போ ரெண்டு தரம். கடைசி வளைவு முழுசா முடிஞ்சு நேர்ப்பாதைக்கு வந்ததும் மூணு தரம். அதுக்கு முன்னாடி தப்பித் தவறி வாயத் திறந்துடாதீங்க. அந்தச் சத்தம் காதுல விழுந்தா கால் என் பேச்சைக் கேக்காது, பிச்சுக்கிட்டுப் போயிடும்."

அவன் தலையை ஆட்டினான். இந்தப் பழக்கம் அவள் சின்னப் பெண்ணாக ஓட ஆரம்பித்த நாளிலிருந்து வருவது. பயிற்சி கொடுக்கிற மாஸ்டருக்கு அறவே பிடிக்காது. "பந்தயம் உன் தலைக்குள்ள இருக்கணும், உங்கப்பா தொண்டைக்குள்ள இல்ல" என்று கத்துவார். இவள் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் அவரும் விட்டுவிட்டார்.

டீச்சர் அவளுடைய பந்தயம் ஒன்றையும் பார்த்ததில்லை, எல்லாம் வகுப்பு நேரத்தில்தான் வரும். ஆனால் வெண்கலம் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து தட்டை மைதானமாக்கி, கரண்டியைப் பட்டாசாக்கி ஓட்டிக் காட்டியதில் எந்த இடத்தில் எந்தத் தரம் என்று அவளுக்கும் மனப்பாடம். தெரியாமல் செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாது.

மைதானத்தில் வெயில் சாய்ந்திருந்தது. எண்ணூறு மீட்டர், இரண்டு சுற்று. எட்டுப் பெண்கள். அக்காவும் தம்பியும் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பட்டாசு கோட்டில் நின்றபடி ஒரு தடவை அப்பாவைத் தேடினாள், கண்டுபிடித்தாள், அப்புறம் திரும்பவில்லை.

துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றில் அவள் நான்காவதாக, யாரையும் முட்டாமல், சமர்த்தாக ஓடினாள். டீச்சர் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா பின்னாடியே ஓடுறா?"

வெண்கலம் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமர்த்திக் காட்டினான். பொறு என்று அர்த்தம்.

மணி அடித்தது. பெண்கள் அவர்களைத் தாண்டினார்கள். வெண்கலம் வேலியை இரண்டு கையாலும் பிடித்து, மார்பை நிமிர்த்தி, வாயைத் திறந்தான்.

காற்றுதான் வந்தது.

மறுபடியும் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கோத்தது. ஓட்டைத் துருத்தி போல ஒரு சீறல், அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவர்கூடத் திரும்பவில்லை. முன்னே போய்க்கொண்டிருந்த பட்டாசின் தலை லேசாகப் பக்கவாட்டில் அசைந்தது. எதிர்பார்த்தது வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கால் ஒரு கணம் தடுமாறியது.

வெண்கலம் அக்காவின் தோளைப் பிடித்து வேலிப்பக்கம் தள்ளினான். 'நீ' என்று உதடு அசைந்தது.

"ஒரு தரம்!" என்றாள் டீச்சர்.

அவள் குரலும் லேசுப்பட்டதல்ல. லாரி ஹாரனுக்கு மேலே பாடம் நடத்திய குரல், இரண்டும் ஒரே வயிற்றில் வந்த தொண்டைகள்தானே. பட்டாசின் தோள் தளர்ந்து நேரானது. ஓட்டம் பழையபடி சீரானது. வெண்கலம் அக்கா முதுகில் தட்டினான், சபாஷ் என்கிற மாதிரி.

எதிர்ப்பக்கம் போனதும் அவன் இரண்டு விரலைக் காட்டினான்.

"ரெண்டு தரம்!"

பட்டாசு மூன்றாவதாக வந்தாள். இரண்டாவது பெண்ணை ஒட்டியே ஓடினாள். அவ்வளவும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்து நீலச் சட்டை போட்ட நெட்டைப் பெண் ஒருத்தி எல்லாரையும் தாண்டிக்கொண்டு போனாள். மூன்றாவதாக இருந்தவள் நான்காவது ஆனாள். டீச்சர் கண்ணுக்கு மைதானம் தெரியவில்லை. புதன்கிழமை தெரிந்தது. கட்டில் தெரிந்தது. விடியற்காலையில் பூசணி மூட்டைமேல் ஏறி நின்று சீறல் மட்டும் விடுகிற தம்பி தெரிந்தான்.

"மூணு தரம்!" என்று அலறினாள். "பட்டாசு, மூணு தரம்!"

கடைசி வளைவு அப்போது தொடங்கக்கூட இல்லை.

வெண்கலம் அவள் கையைப் பிடித்து இழுத்தான், வாயைப் பொத்தப் போனான். அதெல்லாம் அவளுக்கு உறைக்கவே இல்லை. பட்டாசு பாய்ந்துவிட்டாள். முன்னால் இருந்த இரண்டு பேரையும் தாண்டி, நீலச் சட்டையையும் தாண்டி, வளைவில் தனியாக முன்னால் போனாள். கூட்டம் எழுந்து நின்றது. டீச்சர் குதித்தாள்.

"பாத்தியாடா! பாத்தியா உன் பொண்ண!"

அவன் பார்க்கவில்லை. வேலியில் நெற்றியை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நடக்கப் போகிறது என்று அந்த மைதானத்தில் அவன் ஒருவனுக்குத்தான் முன்கூட்டியே தெரியும்.

நேர்ப்பாதைக்கு வந்தபோது பட்டாசின் கால் கனத்துவிட்டது. கை மட்டும் வீசிக்கொண்டிருந்தது, உடம்பு வரவில்லை. நீலச் சட்டை தாண்டினாள். இன்னொருத்தி தாண்டினாள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாவதாக ஒருத்தியும் தாண்டினாள். பட்டாசு நாலாவது.

"நமுத்துப்போச்சுப்பா" என்றான் பின்னால் யாரோ ஒருவன். அவனுக்கு அவளுடைய பட்டப்பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை.

மாஸ்டர் நேராக வேலிக்கு வந்தார். "யாரும்மா அது கத்தினது? வளைவுக்கு முன்னாடியே கத்துவாங்களா? பொண்ணு கையில ஜெயிப்ப வச்சுக்கிட்டு ஓடிட்டிருந்தா. கெடுத்துட்டீங்களே!"

டீச்சர் வேலியை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

பட்டாசு வாந்தி எடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க குரல்னு தெரியும் அத்தை. சீக்கிரம்னும் தெரியும். ஆனா வார்த்தை அதுதானே. கால் கேக்கல."

"நீ பின்தங்கிடுவியோன்னு பயந்துட்டேம்மா…"

"நான் பயப்படல அத்தை. நான் பயப்படவே இல்ல."

அப்புறம் அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன்ப்பா கூப்பிடல? மூணே தரம்தானே கேட்டேன். கோவமா? திட்டவாவது செய்ங்க. ஏதாவது சொல்லுங்கப்பா."

வெண்கலம் முயற்சி பண்ணினான். அந்தச் சீறலைக் கிட்டத்தில் கேட்டாள் பட்டாசு. அவன் கழுத்துக்கு நேரே கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

"இது தொண்டைக் கட்டு இல்ல" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவர்களுமாக, டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டி, கத்தி, கட்டில், புதன்கிழமை, எல்லாம். பஸ்ஸில் பேசிய நிபந்தனையை மட்டும் சொல்லவில்லை.

மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். பட்டாசு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்கால வெளிச்சம் கூடத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஆஸ்பத்திரிப் பை மூலையில் தயாராக இருந்தது. டீச்சர் நேற்றே அடுக்கி வைத்தது. வெண்கலம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தான். போர்வையை எடுத்து மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்தான். தம்ளரை எடுத்து அடுப்படியில் வைத்தான். சோப்பு டப்பா கொடிக்குக் கீழே அதன் பழைய இடத்துக்குப் போனது.

"என்னடா பண்ற?"

அவன் விடியற்காலை ஏலத்துக்குப் போடுகிற சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினான்.

"காலைல ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் வண்டிக்குச் சொல்லிட்டேன்."

தலையை ஆட்டினான், இல்லை என்று.

"எதை வச்சு ஏலம் கூறுவ? இன்னிக்குப் பாத்தேல்ல, ஒரு தரம்கூட வரலியேடா!" டீச்சர் அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். "உன் கால்ல விழறேன். தப்பு என்னோடது. அவ தோக்கல, நான் தோக்கடிச்சேன். நான் சரியான எடத்துல சொல்லியிருந்தா அவ வந்திருப்பா. இந்தப் பந்தயம் கணக்குல சேராதுடா."

வெண்கலம் அவளைப் பார்த்தான். கோபமில்லை அந்தப் பார்வையில். கோபமிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான். மூச்சும் சொல்லுமாகக் கலந்து வந்தது.

"மூணு தரம் சொல்லியாச்சுக்கா."

"நான்தானேடா தப்பா சொன்னேன்!"

"தப்பா சொன்னாலும்… சொன்னது சொன்னதுதான்."

காலையில் நர்ஸ் கேட்ட கேள்வி டீச்சருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எவ்வளவு சாமர்த்தியமாகப் பதில் சொல்லியிருந்தாள்! கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தான் செய்த காரியத்துக்கு என்ன பெயர் என்று இனி யாரும் அவளுக்குப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பயத்தை எடுத்துக் குழந்தையின் காலில் கட்டிவிட்டாள். அந்தக் குழந்தையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று தெரியவில்லை. பட்டாசு நின்றாள், இன்னும் ஷூவைக் கழற்றாமல். காலியான பையைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள்.

"நான் ஜெயிச்சிருந்தா அப்பா நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரா?"

டீச்சர் காலியான பையை இழுத்துத் தன் பின்னால் வைத்தாள்.

"என்மேலயா கட்டினீங்க? என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?"

பதில் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவனுக்குக் குரல் இல்லை. குரல் இருந்தவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

பட்டாசு குனிந்து ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். வெண்கலம் அவசரமாக எழுந்து அவள் கையைப் பிடித்தான். அவள் உதறவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு வாசலைத் தாண்டினாள். வாசற்படியில் தடதடவென்று சத்தம் இறங்கியது.

வெண்கலம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி அக்காவைப் பார்த்தான். மைதானத்தில் செய்த அதே மாதிரி அவள் தோளைப் பிடித்துத் தெருப்பக்கம் தள்ளினான். 'கூப்பிடு' என்று உதடு அசைந்தது.

தெருமுனையில் பட்டாசு தெரிந்தாள். இடதுபக்கம் திரும்பினால் சந்தை, வலதுபக்கம் திரும்பினால் லாரிகள் பறக்கிற பெரிய ரோடு. வேகம் எடுத்துவிட்டாள். இப்போது கத்தினால் கேட்கும், இன்னும் கொஞ்ச நேரம் போனால் கேட்காது.

டீச்சர் மூச்சை இழுத்தாள். தன் குரல் அந்தப் பெண்ணை எந்தப் பக்கம் விரட்டும் என்று நினைத்த மாத்திரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. தம்பியைப் போலவே வாயைத் திறந்தபடி, சத்தமே வராமல், வாசலில் நின்றாள்.